நின்ற பிறகும் சுடும் பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வலது கையில் சின்னச் சூட்டுக்காயம், எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம்.

கிரேனில் பாரம் இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அதை வாங்கிச் சூடாக மாற்றி வெளியே விடுவதற்கு பிரேக் ரெசிஸ்டர் என்று ஒரு பெட்டி உண்டு. பழையது பாரத்துக்குப் பத்தாமல் கருகிவிட்டது. கணக்குப் போட்டுப் பெரிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒயர்களை விட்டுத் தள்ளி, சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு நானே மாட்டினேன். ஓட்டிப் பார்த்து கிரேன் நின்றதும், ஏதோ நினைப்பில் அதன் மேலேயே கை வைத்துவிட்டேன்.

"நின்னுட்டா ஆறிடுச்சுன்னு அர்த்தமாய்யா? நின்ன அப்புறமும் ரொம்ப நேரம் சுடும். உனக்குத் தெரியாததா?" என்று திட்டிக்கொண்டே போர்மேன் மருந்து போட்டுவிட்டார்.

போனில் நீ சொன்னாய்: "குழந்தை தவறிப் போனதுலேர்ந்து உன் பொண்டாட்டி அழுதுட்டே இருந்தா. இப்ப அழறதே இல்லப்பா, தேறிட்டா. தொட்டிலை யாருக்காவது குடுத்துடலாமா?"

வேண்டாம் அம்மா. தொட்டில் அங்கேயே இருக்கட்டும். அவளை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும். பாப்பாவின் சட்டை ஒன்றை மட்டும் துவைக்காமல் எனக்கு அனுப்பு.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் சிரித்துப் பேசியதைக் கேட்டு உனக்கு நிம்மதியாகிவிட்டது என்று அப்பா சொன்னார்.

நானும் இப்போது அழுவதில்லை அம்மா.

உன் மகன்