இன்னும் இருக்கேன் என்று நீ எழுதிய பக்கம்

கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஈர வாடை நம் தெருவரை வருகிறது. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். அன்று பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களை எல்லா அன்பியங்களும் எழுதிக் கொடுத்துவிட்டன. நம் தெருவின் முப்பது வீடுகள் சேர்ந்த அன்பியம் மட்டும் பாக்கி. காரணம், செயலாளர் நான். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஆள் அனுப்பிய பிறகுதான் நோட்டைத் தேடினேன். அது அரிசிப் பானைக்குள் இருந்தது. எப்படி அங்கே போனது என்று என்னைக் கேட்காதே.

புரட்டும்போது மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியல் வந்தது. உன் மாமியாரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். நீ அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் “இன்னும் இருக்கேன் ஏட்டி” என்று எழுதியிருக்கிறாய்.

இந்த வருடம் உன் பெயரை எழுதத்தான் வேண்டும். பேனாவை எடுத்தவள், பட்டியலை விட்டுவிட்டு உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வேலையில் எழுந்து போகிற புத்தி எனக்கு இன்னும் மாறவில்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை. செத்தவள்மேல் என்ன பொறாமை என்று ஊர் கேட்கும். உனக்குத் தெரியும்.

நாம் இருவரும் சேர்ந்துதான் கெட்ட பெயர் வாங்கினோம். குளச்சல் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், ஒரே பிரம்பு. 2004இல் நாகர்கோவிலில் ஒரே ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஆறே மாதத்தில் அடுத்தடுத்து நின்றோம். நீ பி.எட். படிப்பைப் பாதியில் விட்டிருந்தாய், நான் தையல் வகுப்பை. மீன்கறி கரியும் வாடை வந்தால், உன் வீடா என் வீடா என்றுதான் தெருவில் கேட்பார்கள். நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

பிறகு உன் மகனை நாகர்கோவிலில் டாக்டரிடம் கொண்டுபோனாய். வகுப்பில் ஒரு இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறான் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டிருந்தார்கள். அவனுக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார் டாக்டர். அவனைப் பற்றி அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் உன்னையே கேட்டதுபோல் இருந்ததாம். பெரியவர்களுக்கும் இது உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு, ஆனால் சிறு வயதிலேயே இருந்ததா என்று பார்க்க வேண்டும், சின்னதில் உங்களை அறிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். உன் அம்மா அப்போது இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனாய்.

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கமாட்டாள் என்றேன். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்கமாட்டாள், பிடித்த வேலை என்றால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்துவிடுவாள், பிடிக்காததை நாளைக்கு நாளைக்கு என்று வருடக்கணக்கில் தள்ளுவாள், பிறகு அதை நினைத்துக் குளியலறையில் நின்று அழுவாள் என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். குளியலறை என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ குளியலறையில் நின்று அழுது நான் பார்த்ததே இல்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தது என் கதை.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். “அடுத்தது நீதான் மக்கா. ஒனக்கு நான் வந்து சொல்லுதேன்.”

எனக்கொன்றும் பைத்தியம் இல்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கதையைச் சொல்லி உனக்கு டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்ற வயிற்றெரிச்சல்தான் அது. குளச்சலில் இறங்கிய பிறகு பார்த்தால் என் குடை அந்தப் பஸ்ஸோடு போய்விட்டது.

அதன்பிறகு உனக்கு மாத்திரை, செல்போனில் அலாரம், கதவெல்லாம் ஒட்டிய துண்டுச் சீட்டுகள். ஒரேயடியாக மாறிவிடவில்லை, சாவியை அப்போதும் தொலைத்தாய். ஆனால் தொலைத்ததற்காக உன்னையே நீ திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டாய். எனக்குப் பொறுக்காமல் போனது அதுதான். விட்ட படிப்பை முடித்து வேலைக்கும் போனாய். கரிந்த வாடை வந்தால் தெருவில் என் வீட்டை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த வருடத்துப் பட்டியல்தான் இது. பூசையில் உபதேசியார் உன் பெயரை வாசித்தபோது நீ பாடகர் குழுவில் நின்றிருந்தாய். கோயிலே திரும்பி முதலில் உன்னையும் பிறகு என்னையும் பார்த்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையைக் குழியில் வைத்துவிட்டாயே என்று வெளியே உன் மாமனார் சத்தம் போட்டார். நீ அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நோட்டை வாங்கி அந்த வரியை எழுதிவிட்டுச் சிரித்தாய்.

“வேணும்னே எழுதினியா?”

“இல்லட்டி.”

“எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தக் கிழிக்காம வச்சுக்கோ. டாக்டர்ட்ட இதக் காட்டினாப் போதும்.”

எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாய். எனக்கு அந்த நிச்சயம் கிடையாது. உன் மாமியார் பெயரை எழுத உட்கார்ந்தபோது நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் நல்லவிதமாக இல்லை. கவனம் தப்பி எழுதினேனா, மனம் கறுத்து எழுதினேனா? எனக்கு நோயும் இல்லை ஒன்றும் இல்லை, நான் சோம்பேறி, பொறாமைக்காரி, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில்தான் நீ எனக்காக வாங்கிய மூன்று தேதிகளுக்கும் வராமல் இருந்தேன். மறந்துபோச்சு என்றேன். மூன்றில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

இந்த மார்ச்சில் உனக்கு வயிற்றில் நோய் என்றார்கள். ஓணத்துக்கு முன்பே போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்தவர்கள் உன்னைப் பொறுப்பானவள், எடுத்த காரியத்தை முடிக்கிறவள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். பெட்டிக்கு அருகில் நின்றுகொண்டு அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்காக வந்து சொல்கிறேன் என்ற ஒரு காரியத்தை நீ முடிக்கவில்லை என்று கோபமும் பட்டேன். நீ முடிக்க நான் விடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னாள் ஒரு பெண். என்னைச் சின்னதில் அறிந்த யாரையாவது கூட்டி வர முடியுமா என்று கேட்டாள். ஒருத்தி இருந்தாள், இப்போது அவள் கையெழுத்து மட்டும் இருக்கிறது என்றேன். “அதக் கொண்டு வாங்கக்கா” என்றாள்.

உன் பெயரை எழுதிவிட்டேன், உன் மாமியார் பெயருக்குக் கீழே. இரண்டு முறை சரிபார்த்தேன். இந்தத் தடவை யாரும் அடித்துத் தரப்போவதில்லை.

டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. மாத்திரை கொடுத்தாலும் கொடுப்பார், ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் அனுப்புவார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மடியில் இந்த நோட்டு இருக்கும். கூடவே அந்தப் பொறாமையும் வரும். குடை, சாவி, பர்ஸ், அடுப்பில் வைத்த கறி என்று எத்தனையோ மறந்திருக்கிறேன். உன்மேல் உள்ள பொறாமையை மட்டும் இதுவரை ஒரு பஸ்ஸிலும் விட்டுவிட்டு இறங்கியதில்லை.