கேமரா போகாத பக்கம்

ஞாயிறு, டிசம்பர் 8. டாக்குரியா.

வித்யா போர்ச்சுகல் போய் கோல்கீப்பராக ஆடிய முதல் மேட்ச் இன்று. சாயங்காலம் போனில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அவள் அணிக்கு ஐந்து கோல். பந்து எதிர்ப்பக்கமே சுற்றியது; கேமராவும் அங்கேயே நின்றது. தொண்ணூறு நிமிஷத்தில் என் பெண் தென்பட்டது இரண்டே தடவை, அதுவும் முதுகு. எதிரணிக்காரிகள் ஒரு தடவையாவது பந்தோடு இவளிடம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது?

ஜெயித்ததற்குப் பக்கத்து வீட்டு பெங்காலி பௌதி மிஷ்டி, அதாவது ஸ்வீட், கேட்டாள். சிரித்து வைத்தேன்.

பிறகு வித்யா கூப்பிட்டாள். "குளிர்ல தனியா நின்னுண்டே இருந்தேம்மா. ஒரு பந்தாவது எங்கிட்ட வரட்டும்னு வேண்டிண்டேன்."

"சீ, அப்படியெல்லாம் வேண்டிக்கப்படாதுடி" என்று அதட்டினேன்.

எந்த வாயால் அதட்டினேனோ.