முடிச்சு நனையும்வரை

பழைய சுரங்கக் குடியிருப்பு,
கஃபுவே ஆற்றோரம்,
2 மே 2004

மருமகள் லுகோண்டேவுக்கு,

நலம். நீயும் என் பேரனும் நலமாக இருக்க வேண்டும். ஒரு சாக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பஸ்ஸில் போட்டிருக்கிறேன். நடத்துனர் பாதியைத் தின்றிருந்தால் எழுது.

வெள்ளைப் பாசிமணி கேட்டிருக்கிறாய். மாமனாரும் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசக்கூடாத விஷயம், கடிதத்தில் கேட்டது சரிதான். பதிலும் கடிதத்திலேயே: தர மாட்டேன். செத்தவனின் வீட்டார்தான் விதவை கையில் பாசி கட்டி அவளை விடுவிப்பார்கள். இங்கே யார் செத்தது? உன் புருஷன் கடோங்கோ வேலைக்கென்று சுரங்கத்துக்குள் இறங்கினான். மேல்பாறை சரிந்தது. கம்பெனிக்காரர்கள் தேடுவதையும் நிறுத்தினார்கள், தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். என் மகனை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அவர்கள் விட்டுப்போன பாறைப் புத்தகங்களை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம் செம்பு, கூரைபோலச் சாய்ந்த ஒரு களிப்பாறையில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கடற்சேறு. அதற்கு மேலே சுண்ணாம்புப் பாறை, பொந்தெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் இப்போது இறங்கிச் சுரங்கத்தை அடியிலிருந்து நிரப்புகிறது. ஞாயிறுதோறும் காற்றுக்குழியின் வாயை மூடிய கம்பிவலை வழியாக இரும்புக் குண்டு கட்டிய கயிற்றை இறக்குகிறேன். கடோங்கோ நின்ற தளம்வரை எட்டும் கயிறு. நுனி முடிச்சு உலர்ந்தே வருகிறது. என் மகன் உலர்ந்த இடத்தில் இருக்கிறான்.

உன் மாமனார்,
கபாசோ


நிடோலா,
20 ஜூன் 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

கிழங்கு முழுதாக வந்தது. நடத்துனர் யோக்கியர். உங்கள் பேரன் முத்தாலே சுட்டுத் தின்றுகொண்டே, "தாத்தாவும் சுரங்கத்துக்குள்ளயா இருக்காரு?" என்று கேட்டான். "இல்லடா, வெளியில. ஆனா வாசல்லயே" என்றேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். ஒருவர் என்னை மணக்கக் கேட்டிருக்கிறார். மத்தாயோ ஜேரே, ரொட்டி சுடுகிறவர், கிழக்கிலிருந்து வந்த ங்கோனி இனத்தவர். அவருக்குப் பயமில்லை. என் அம்மாவுக்குத்தான். "பாசி கட்டாமப் போனா செத்தவன் உன் தோள்லயே உக்காந்திருப்பான்டி. இன்னொருத்தன் வீட்டுக்கும் தூக்கிட்டுப் போவியா?" என்கிறாள்.

மூன்று மழைக்காலம் காத்துவிட்டேன். உங்கள் மகனின் சட்டையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மழை பலமாகப் பெய்தால் உங்கள் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

லுகோண்டே


15 ஆகஸ்ட் 2004

மருமகள் லுகோண்டேவுக்கு,

நம் பெம்பா ஜனத்தில் ஆண்பிள்ளையே இல்லையா, எலி தின்கிற ங்கோனிதான் கிடைத்தானா? இதை அவனிடம் அப்படியே சொல். கோபித்துக்கொள்ள மாட்டான். பழைய சண்டைகள் ஓய்ந்தபின் நம் இரு கூட்டமும் கேலிமுறைக்காரர்கள். சாவு வீட்டில்கூட ஒருவரையொருவர் ஏசலாம், வெட்டின சவக்குழியில் படுத்து, கேட்டது கிடைக்கும்வரை மறிக்கலாம். கோபப்பட யாருக்கும் உரிமை இல்லை. அவ்வளவுதான் உறவு. அதற்காகப் பெண் கொடுப்பதா?

வெள்ளைக்காரன் வருமுன்பே இங்கே பச்சைக் கல்லைப் பொறுக்கி, கரையான் புற்று மண்ணில் உலை கட்டி, செம்பைச் சிலுவைச் சிலுவையாக வார்த்தார்கள். தண்ணீர் தட்டியதும் தோண்டுவதை விட்டார்கள். வெள்ளைக்காரன் பம்பு வைத்தான். பிறகு அரசாங்கம் வந்தது, பிறகு கம்பெனி. யார் மாறினாலும் பம்பு நிற்கவில்லை. கடைசியாக வந்தவர்கள்தான் நிறுத்தினார்கள். மறுபடி ஓட்டச் சொல்லி அமைச்சகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதுகிறேன்.

முடிச்சு உலர்ந்திருக்கிறது. உனக்குப் பதில் அதுதான்.

கபாசோ


நிடோலா,
9 ஜனவரி 2005

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜேரே மாவு ஏற்ற உங்கள் பக்கம் வருகிறார். நான் அனுப்பவில்லை. "உன் மாமனாரை நேர்ல ஒருதடவை ஏசிட்டு வந்துடறேன்" என்கிறார். எவ்வளவு ஏசினாலும் களி போட்டு அனுப்புங்கள்.

கஃபுவே கரை புரள்கிறதாம். குழிப் பக்கம் வழுக்கும், போகாதீர்கள். பாசியை இனிக் கேட்க மாட்டேன். அது இல்லாமல் இன்னொரு வீட்டுக்குப் போகவும் மாட்டேன். இப்படியே இருந்துவிடுகிறேன்.

லுகோண்டே


6 பிப்ரவரி 2005

மகள் லுகோண்டேவுக்கு,

உன் ரொட்டிக்காரன் வந்தான். நான் குழியருகே இருந்தேன். பாதையை வெள்ளம் மறித்ததால் இரண்டு ஞாயிறாகக் குண்டு உள்ளேயே தொங்கிக் கிடந்தது. தூரத்திலிருந்தே கத்தினான்.

"ஏய் கிழட்டுக் குரங்கு! மீனா பிடிக்கிற?"

"எலி மாட்டுமான்னு பாக்கிறேன். விருந்தாளி நீதான வர்ற."

"கொழுத்ததாப் பிடி. இங்க குடு, நீ இழுக்கிற இழுப்புக்கு நாளைக்குத்தான் மேல வரும்."

இருவரும் இழுத்தோம். முடிச்சு நனைந்திருந்தது. மழைத் தண்ணீர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். குண்டும் வந்தது. அதில் இரும்பின் நிறம் இல்லை, செக்கச்செவேலென்று செம்புத் தோல் போர்த்தியிருந்தது. செம்பு கரைந்த தண்ணீரில் கிடந்தால் இரும்பு அப்படித்தான் ஆகும். அது மழை இல்லை, சுரங்கத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் குண்டைத் தடவிப் பார்த்தான். பிறகு, "செத்துட்டான் கிழவா. எப்பவோ செத்துட்டான். ஊருக்கே தெரியும், உங்கிட்டதான் யாரும் சொல்லல" என்றான்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தக் குண்டாலேயே மண்டையைப் பிளந்திருப்பேன். கேலிமுறைக்காரன் சொன்னான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அவன் போய்க் கம்பிவலைமேல் நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"எந்திரிடா, வலை துருப்பிடிச்சது."

"பாசியைக் குடு, எந்திரிக்கிறேன்."

"உள்ள போயிடுவடா!"

"போனா எனக்கும் சேத்துக் கயிறு விடு. உனக்கு வேற என்ன வேலை?"

மழை பிடித்துக்கொண்டது. அவன் கண்ணை மூடியிருந்தான். வலை கிறீச்சிட்டது. அதே குழிக்கு இன்னொருவனைக் கொடுக்க என்னால் முடியவில்லை. "குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பம்பை நிறுத்தியவர்களை நான் மன்னிக்கவில்லை. அமைச்சகத்துக்கு எழுதுவதையும் விடப்போவதில்லை. நீ எதிர்பார்க்கும் அந்த வார்த்தையும் என் கடிதத்தில் இருக்காது. அதைச் சொன்னவன் அங்கே மாவு பிசைந்துகொண்டிருப்பான், அவனையே கேட்டுக்கொள்.

சனிக்கிழமை என் தங்கை சாமா பாசியோடு வருவாள். உன் கையை நான் தொடக்கூடாது, அவள் கட்டுவாள். கடையில் நூல் இருந்தது, வாங்கவில்லை. கயிற்று நுனியைப் பிரித்து, அதன் இழையில் கோத்திருக்கிறேன். இன்னும் காயவில்லை. அப்படியே கட்டிக்கொள்.

கபாசோ