தூங்கியவனுக்காகச் சொன்ன பொய்

செவ்வாய், 12 ஆகஸ்ட் 1986

தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டும் ரஹீம் நேற்று நைட் ஷிப்டில் தூங்கிவிட்டான். எழுப்பியது சூப்பர்வைசரான நான். அவன் மனைவி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; பகலெல்லாம் அவன் அங்கேதான்.

காலையில் மேனேஜர் கேட்டார்: "ரஹீம் தூங்கினானாமே? சர்ச்சுல ஒழுக்கப் பாடம் நடத்துறவரு நீங்க. நீங்க சொன்னா சரி."

"இல்லை சார்" என்றேன். அவன் வேலை தப்பியது.

கேட்டில் ரஹீம் சிரித்தான். "ஞாயித்துக்கிழமை என்னண்ணா பாடம் எடுப்பீங்க?"

கடமைப்படி தப்பு. விளைவுப்படி சரி. பிறனை நேசி என்ற கட்டளையும் என் பக்கம்தான் என்று நினைக்கிறேன். ஒழுக்கத்தில் ஓட்டெடுப்பு உண்டா என்று எந்தப் போதகரும் சொன்னதில்லை.

கண் அசந்தால் பிரஸ் விரலை எடுத்துவிடும். இன்றிரவும் அவனுக்கு அதே மிஷின். நான் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டேன்; எழுப்ப இருக்க மாட்டேன். விளைவைக் கணக்குப் போட்டபோது இதைச் சேர்த்தேனா என்று தெரியவில்லை.