தேவதானத்தில் தெரிந்த சிவப்புக் கோள்

இராஜபாளையம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி லிங்கேஸ்வரன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, லோடு ஆட்டோ, நான் எல்லோரும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறோம், பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. பொங்கலிலிருந்து காணாமல் போயிருந்த நம் வீட்டு மிக்ஸி மூடி, அப்பாவின் ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டது என்பதைப் பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம். அது அங்கே எப்படிப் போனது என்று அம்மா விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறாள், சந்தேகப் பட்டியலில் இருப்பது நான் ஒருவன்தான்.

இனி நீ கேட்கத் துடிக்கும் செய்தி. நீயும் உன் ஆபீஸ் தோழிகளும் சேர்ந்து வாங்கி அனுப்பினீர்களே, காற்றடித்து எழுப்புகிற கோளரங்கம், அது வெள்ளிக்கிழமை தேவதானத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் எழுந்தே விட்டது! முதல் பள்ளியில் சரியாக நடந்தால்தான் அது நம் பக்கம் தங்கும், சொதப்பினால் தோழிகள் வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "புது மிஷினப் பொட்டு வைக்காமலா ஓட்டுவாக, எங்க பேண்டேஜ் கம்பெனில ஒத்தத் தறிகூடப் பொட்டில்லாம ஓடாது" என்று சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் குங்குமத்தைப் பொட்டலம் கட்டி என் சட்டைப்பையில் திணித்தாள். அப்பா ஆட்டோ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நானும் பயபக்தியோடு படம் காட்டும் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

காற்று ஏற ஏற, வகுப்பறைத் தரையில் கிடந்த கறுப்புத் துணி படுத்த எருமை எழுந்திருப்பதுபோல முதுகைத் தூக்கியது பார், பிள்ளைகள் போட்ட சத்தம் சேத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே கழற்றிப் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசல் ஓட்டைக்குள் தவழ்ந்து போனார்கள். விண்மீன் காட்டப் போகிறேன் என்றேன், ஒருத்தன் "கொழம்புக்கு ஆகுமாண்ணே" என்கிறான். ஆனால் விளக்கை அணைத்துப் பெட்டியைப் போட்டதும் அத்தனை வாயும் அடைத்துப்போயிற்று அக்கா. பிறகு அதே குழம்புக்காரன் ரகசியம்போல, "ஏலே, இம்புட்டும் நம்ம ஊருக்கு மேலயா கெடக்கு?" என்றான்.

அதற்குப் பிறகு உன் தம்பியின் ராஜ்ஜியம்தான். நீ அனுப்பிய குறிப்பில் இல்லாததை எல்லாம் விளக்கினேன். உச்சியில் பெரிதாக, ஓரம் கலங்கிய ஒரு சிவப்பு வட்டம் தெரிந்தது. உடனே, வெள்ளிக்கிழமை அன்றைக்கும் செவ்வாய் வந்திருக்கிறது, உங்களைப் பார்ப்பதற்காகவே இவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்று அடித்துவிட்டேன். எல்லோரும் அதற்கு டாட்டா காட்டினார்கள். மூன்றாம் வகுப்பு மாரிச்செல்வி மட்டும், "அண்ணே, எல்லா நட்சத்திரமும் சுத்துது, செவ்வா மட்டும் ஏன் நின்ன எடத்துலயே நிக்குது?" என்று கேட்டாள். தூரத்திலிருந்து வந்ததல்லவா, களைப்பு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை செலினா டீச்சர், "தம்பி காலேஜுல விண்வெளி படிக்கீகளோ?" என்றார்கள். பிளஸ் டூ என்று சொல்லி அவர்கள் மனதை நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். வத்திராயிருப்புப் பள்ளியிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். கோளாறே இல்லாத கோளரங்கம் என்று உன் தோழிகளிடம் தைரியமாகச் சொல். இந்த இடத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "நாஞ் சொல்லாததெல்லாம் எழுதிக்கிட்டிருக்கியேல" என்று மண்டையில் ஒன்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டுமாம், ராத்திரி வேலை முடிந்தால் தனியாக ஆட்டோவில் வரக்கூடாதாம். ஆண்டாள் துணையிருக்க, நீ நினைத்ததெல்லாம் நடந்து நூறு வருஷம் நல்லா இருப்பாய் என்று அம்மாவும் அப்பாவும் ஆசி சொல்கிறார்கள். மறக்காமல், கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி ஒன்று அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா குருவம்மாளுக்காக, உன் தம்பி

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், இனி நான் மட்டும். துணி எதற்கென்றால், அம்மா பொட்டைப் பெட்டியின் பக்கவாட்டில்தான் வைக்கச் சொல்லியிருந்தாள். எனக்குத்தான் பொட்டென்றால் நெற்றியில் வைக்க வேண்டும் என்று பட்டது. பெட்டிக்கு நெற்றி எது என்று தேடினேன், உச்சியில் கண்ணாடி உருண்டையாக வழவழவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றியபோதுதான் செவ்வாய் என் விரலில் ஒட்டியது. பிள்ளைகள் வரைந்த படங்களை உன் தோழிகளுக்கென்று டீச்சர் கொடுத்தார்கள், எதை எடுத்தாலும் உச்சியில் அம்மாவின் குங்குமம்தான். அனுப்பாமல் அமுக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மாரிச்செல்வி தன் படத்தில் அந்த வட்டத்தின் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள் அக்கா. அதனால் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தோழிகளிடம் உள்ளதைச் சொல்லிவிடு, நாளை அப்பாவோடு தேவதானம் போய் நான் அவளிடம் சொல்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தன் பொட்டால்தான் எல்லாம் நல்லபடி நடந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கோளரங்கத்தின் ஒரே கோளாறு,
லிங்கேஸ்வரன்