நீல அட்டை நாவலுக்குள் இருக்கும் சீட்டு

மாத்தளை
7.10.1956

அன்பு மகள் கமலாட்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் வெள்ளாடு எல்லாரும் சுகம். மட்டக்களப்பு விடுதியில் நீயும் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை நம் பிரஜாவுரிமை விசாரணை நடந்தது. அங்கே நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: ஐயா, சீட்டு இருக்கு, கொண்டுவரத் தவணை குடுங்க. இதைச் சொல்ல ஆளில்லாமலா போனது, உனக்கென்று வைத்திருந்த வளையல்களை விற்று நூற்றைம்பது ரூபாய்க்கு வக்கீலாகப் பிடித்த புரொக்டர் மாணிக்கவாசகம் பக்கத்திலேதான் இருந்தார். அம்மா, நீங்க வாயே தொறக்காதீங்க, நான் பாத்துக்கிறேன் என்று அவர் படியேறும்போதே சொல்லிவிட்டதால் நானும் வாங்கிய பொருளுக்கு மரியாதை கொடுப்பவள்போல் பேசாமல் இருந்தேன். ஒரு வருஷமும் விடாமல் இலங்கையிலேயே இருந்ததைக் காட்ட வேண்டுமே, 1943இல் எட்டு மாதம் எங்கே இருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். நாலந்தாப் பக்கத் தோட்டத்திலங்க என்றார் அப்பா. அத்தாட்சி எங்கே என்றதும் புரொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அப்படி ஒன்றும் இல்லை என்றுவிட்டார். நாங்கள் அங்கே வேலை செய்ததாக அந்தத் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டுத் தந்த சீட்டு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் லீவில் நீ கொண்டுபோன நீல அட்டை நாவலில், நான் படித்து நிறுத்திய பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன். நம் லயத்து வீடுகளில் அத்தனை பேருடைய கடுதாசிகளும் நம் பிஸ்கட் டின்னில் வேப்பிலை போட்டு வைத்தவள், சொந்தச் சீட்டை நாவலுக்குள் வைத்தேன். வக்கீல் இல்லாமலே தவணை கேட்கலாம் என்று பிரஜாவுரிமை பற்றித் தோட்டத்தில் கொடுத்த சிறு பிரசுரத்தின் நாலாம் பக்கத்தைப் பத்துக் குடும்பத்துக்கு உரக்க வாசித்துக் காட்டியதும் நான்தான். அப்பாவின் முன்னால் வெட்கமாக இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏன் பேசாமல் வாறே என்றார், தலைவலி என்றேன். நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். சரி, அந்தக் கதையாவது நல்லாயிருந்திச்சா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் காத்தாயிக்கும் அது கேட்டுவிட்டது. எங்க பேப்பரையெல்லாம் குடுத்திரு தாயி, நீ அடுத்த புஸ்தகம் எடுக்க முந்தி, என்று வந்து நிற்கிறாள்.

அப்பாவின் மனுவில்தான் உன் பெயரும் இருக்கிறது. அது தள்ளுபடியானால் நீ நர்ஸ் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. ஆகையால் இதைக் கண்டதும் சீட்டை எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. மடிக்காதே. மழையில் நனையாதே, தலையை ஈரத்தோடு பின்னாதே. நீ நினைத்தது நடக்கும் மகளே, நல்லா இரு.

உன் அம்மா,
சந்திரகாந்தா

பி.கு. செவ்வாய். கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று நான் தனியாக விசாரணை நடந்த கந்தோருக்குப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். கோப்பு இன்னும் மூடவில்லையாம். முப்பதாம் திகதி வரை தவணை எழுதித் தந்தார்கள். காசு கேட்கவில்லை.