கறுப்பு வண்டி போன பிறகு

மார்ச் 4

அன்புள்ள சிஸ்டருக்கு,

ஆஸ்பத்திரியே உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. தாலி கட்டியவன் கூப்பிட்டால் மட்டும் ஏன் முறைக்கிறாய்?

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. கறுப்பு வண்டியை விற்கப்போகிறேன். பேப்பரில் விளம்பரமும் கொடுத்தாயிற்று.

மாற்றல் வந்து நீ கிளம்பியபோது, "இந்தப் பழைய கார் வேலை முடியட்டும், பின்னாலேயே வந்துடறேன்" என்றேன். நான்கு வருடம் ஓடிவிட்டது. இப்போது மெய்யாகவே முடிந்துவிட்டது. கதவு ரப்பர்கூட மாட்டிவிட்டேன். சாத்தினால் இரும்பு பீரோ மாதிரி ஒரே ஒரு 'தொப்'. அந்தச் சத்தத்துக்காகவே நேற்று நாலைந்து முறை திறந்து மூடினேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யார் சார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

பார்க்க வருகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஒருவன், "ஏசி போட இடமிருக்கா?" என்கிறான். இன்னொருவன், "கூரைய வெட்டி எடுத்துட்டா போட்டோவுக்கு நல்லா இருக்கும்ல?" என்கிறான். அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

மழைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கையெல்லாம் கிரீஸுடன்
உன் சர்வேயர்

மார்ச் 15

அன்புள்ள சர்வேயர் சாருக்கு,

கடிதத்தின் ஓரத்தில் கிரீஸ் ரேகை இருந்தது. கைநாட்டு என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் செய்தியை டூட்டி அறையில் சொன்னேன். "விக்க மாட்டார் சிஸ்டர், பந்தயம்" என்றாள் என் ஜூனியர். நான் பந்தயம் கட்டவில்லை. தோற்கிற பக்கம் எது என்று எனக்கே தெரியவில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிறேன் என்று எழுதவில்லை. இரண்டும் ஒன்று என்று நானாக எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் முன்பு அப்படி எடுத்துக்கொண்டு, வாசல் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டப்போகிறார்கள். ஜூனுக்குள் காலி செய்ய வேண்டும். வீடு தேடுகிறேன். ஒரே அறை என்றால் சுலபமாகக் கிடைக்கிறது, இரண்டு அறை என்றால் தேட வேண்டும். எதைத் தேடட்டும்?

வெயிலில் நின்று வேலை செய்யாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

அன்புடன்,
சிஸ்டர்

ஏப்ரல் 2

அன்புள்ள சிஸ்டருக்கு,

போய்விட்டது!

கப்பலில் சமையல்காரராக இருந்தவர், மனைவியோடு வந்தார். அந்த அம்மாதான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கிளட்ச் எவ்வளவு தூரத்துல பிடிக்குது?" என்றாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், வண்டி இவர்களுக்குத்தான் என்று. தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

ஷெட்டில் இப்போது எண்ணெய்க் கறையும் நானும்தான். மனசு ஒரு மாதிரி இருந்ததால் ஊருக்கு வெளியே சின்ன விமான மைதானத்துக்குப் போனேன். இரட்டை இறக்கை வைத்த பழைய விமானம் ஒன்றைச் சீர்செய்து பறக்கவிடுகிறார்கள், தெரியுமா? மேலே கூரை கிடையாது. தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன், பூச்சி மாதிரி இருந்தேன்.

ஓட்டியது ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். ஓட்டுகிறவர் பின்னால், நான் முன்னால். விமானத்தைத் திருப்புகிற குச்சி என் முன்னாலும் ஒன்று இருந்தது. "அது தானா ஆடும் சார். பிடிச்சுடாதீங்க. கைய மடியில வெச்சுக்கிட்டு வேடிக்கை பாருங்க" என்றார்.

முதலில் கை துறுதுறுத்தது. என்னை அறியாமல் காலால் பிரேக் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆற்றைத் தாண்டியதும் எல்லாம் விட்டுப்போயிற்று. காற்று கன்னத்தை இழுக்கிறது, இறக்கைக் கம்பிகள் பாடுகின்றன, கீழே நம் தெரு சாக்பீஸ் கோடு மாதிரி கிடக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன். இறங்கியதும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் டீச்சர்தான் நின்றார்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர், பெயிண்டர், டயர்க்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். துருப்பிடித்தது, ஓடாதது, எதுவானாலும் சரி, சின்ன வண்டியாக ஒன்று அகப்பட்டால் போதும்.

இப்படிக்கு,
வேலை தேடும்
உன் சர்வேயர்

ஏப்ரல் 20

அன்புள்ள உங்களுக்கு,

விமானக் கதையை டூட்டி அறையில் உரக்கப் படித்தேன். எல்லோரும் சிரித்தோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுவது எனக்குப் பழக்கமான வேலை. கல்யாணமான நாளிலிருந்து செய்கிறேன்.

கடைசிப் பத்தியை மட்டும் படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

எத்தனை அறை என்று கேட்டிருந்தேன். நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். இரண்டு அறை, பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய கார். வீட்டுக்காரரின் அண்ணன் விட்டுப்போனது. "எடுத்துக்கறீங்களாம்மா, இல்ல இரும்புக்குப் போட்டுடவா?" என்றார். எடுத்துக்கொண்டேன்.

ஆமாம், நான்தான். எலி கூடு கட்டியிருந்தது, தரைத் தகடு விரலால் அழுத்தினால் உதிர்கிறது. ஸ்பானர் செட் வாங்கினேன். டிரைவிங் ஜனவரியிலேயே கற்றுக்கொண்டாயிற்று. நேற்று கார்புரேட்டரைக் கழற்றினேன். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சாயங்காலம் வரை முழித்தேன். அப்புறம் மாட்டிவிட்டேன். மிச்சமில்லை.

இதைத் தூண்டிலாக எழுதவில்லை. வண்டிக்காக வருவதானால் வர வேண்டாம். சிரிப்போடுதான் சொல்கிறேன், ஆனால் மெய்யாகவே சொல்கிறேன். அது என்னுடையது. கைபோனபடி செய்வேன், கெடுப்பேன், மறுபடி செய்வேன்.

ஒரு அறை காலியாக இருக்கிறது. அதற்காக வருவதானால் எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள், தையல் மிஷினை அங்கே போட்டுவிடுவேன். கோபம் எதுவும் இல்லை.

உங்கள்
சிஸ்டர்

ஏப்ரல் 27

அன்புள்ள சிஸ்டருக்கு,

தையல் மிஷினைக் கூடத்திலேயே போடு.

ஷெட் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கருவிகள் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போயின. இரும்புக் கடைக்காரர் நேற்று வந்து, "சார், ஒரு வண்டி வந்திருக்கு, அருமையான பாடி" என்றார். "வேற யாருக்காவது கொடுங்க" என்றேன். என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

கொட்டகையில் இருப்பது என்ன வண்டி, எந்த வருடத்தது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

வருகிற புதன்கிழமை ரயிலில் கிளம்புகிறேன், வியாழன் காலையில் வந்துவிடுவேன். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், விசாரித்து வந்துவிடுவேன்.

வியாழக்கிழமை உனக்குக் காலை டூட்டியா, சாயங்கால டூட்டியா? சாயங்காலம் என்றால் ஆஸ்பத்திரிவரை உன்னோடு நடந்து வருகிறேன். எவ்வளவு தூரம் நடக்கிறாய், எந்த வழியாகப் போகிறாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. சொல்வாய் இல்லையா?

உன்
சர்வேயர்